சம்பந்தி படகுக்குப் பச்சைத் தண்ணி ஊற்றிய விவரம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, தங்கள் மகளின் மாமனார் எழுதிக்கொள்வது.

தங்கள் பழைய படகின் எஞ்சினில் தண்ணீர் மாற்றியாயிற்று. படகு அக்கரைக்குப் போயிற்று, திரும்பியும் வந்தது. போன மூன்று பேரும் அப்படியே திரும்பி வந்து நலமாக இருக்கிறோம். கடையில் இருந்த தங்கள் மாப்பிள்ளையும் நலம். அங்கே தாங்களும் சம்பந்தி அம்மாவும் இதைவிட ஒரு பிடி கூடுதல் நலமாகவே இருக்க வேண்டும்.

மற்றதைச் சொல்வதற்கு முன் ஒரு சங்கதியைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். போன வாரம் என் வீட்டுக்காரி சம்பந்தி அம்மாவிடம் போனில் பேசும்போது, "அவரு ரெண்டு நாளா தண்ணியிலயேதான் இருக்காரு, காலையில போனா பொழுது சாயத்தான் வர்றாரு, கூட ஒரு மெக்கானிக்கு வேற" என்று சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டுத் தாங்கள் என் மகனைக் கூப்பிட்டு, அப்பாவுக்கு இந்தப் பழக்கம் எப்போதிலிருந்து என்று தணிந்த குரலில் விசாரித்தீர்களாம். கடையில் கூட்டமான நேரம். அவன் பாதிக் காதில் வாங்கிக்கொண்டு, "உங்க படகைத் தொட்டதிலேர்ந்துதான் மாமா" என்று சொல்லி வைத்துவிட்டான். சம்பந்தி, நான் இறக்கியதும் ஏற்றியதும் எஞ்சின் தண்ணீர். டீயைத் தாண்டி இந்த நாக்கு எங்கேயும் போனதில்லை. சம்பந்தி அம்மாவின் மனதை முதலில் ஆற்றிவிட்டுப் பிறகு மேலே படியுங்கள்.

என் வியாபாரம் தங்களுக்குத் தெரிந்ததுதான்: பிளாஸ்டிக் டிரம், வாளி, தொட்டி. அக்கரைக் கடைக்காரர்கள் சரக்குக் கேட்டுக் காத்துக் கிடக்கிறார்கள். ஆனால் சரக்குப் படகுக்காரர்கள் எடைக்கு வாடகை வாங்குவதில்லை, அடைக்கிற இடத்துக்கு வாங்குகிறார்கள். காலி டிரம்முக்குள் என்ன இருக்கிறது? காற்று. எல்லா ஊரிலும் சும்மா வீசுகிற காற்றை நான் ஒருவன்தான் வாடகை கொடுத்து அக்கரைக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்தேன். இந்தக் கொடுமைக்கு ஒரு முடிவு கட்டத்தான் கரையில் ஏற்றிக் கிடந்த தங்கள் படகின் மேல் எனக்குக் கண் விழுந்தது. ஒளிப்பானேன். கல்யாணப் பேச்சுக்கு வந்த அன்றைக்கே விழுந்துவிட்டது. பெண்ணைப் பார்த்து முடித்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனவன், படகைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். அதற்கு இத்தனை நாள் கழித்துத் தாங்கள் மனமிரங்கிச் சொன்ன வார்த்தையும் எனக்கு மனப்பாடம்: "எஞ்சின் சூடாகாம ஒரு தடவை அக்கரை போய்ட்டு வந்துட்டா, படகு யாருக்குன்னு நம்ம வீட்டுக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம். இல்லன்னா மாசக் கடைசியில பழைய இரும்புக்காரர் வந்து எடுத்துட்டுப் போயிடுவாரு." அந்த மாசக் கடைசி வருகிற வெள்ளிக்கிழமை என்பதால்தான் கையெழுத்து இப்படி ஓடுகிறது. மன்னிக்கவும்.

படகை எங்கள் துறைக்கு இழுத்து வந்து எஞ்சினைத் திறந்து பார்த்த பிறகு எனக்கு அதன்மேல் மரியாதை வந்துவிட்டது. இத்தனை காலமாக நான் எஞ்சின் என்றால் டீசல் குடித்துப் புகை விடுகிற ஒரு சாமான் என்றுதான் நினைத்திருந்தேன். உள்ளே பார்த்தால் ஒரு குடித்தனமே நடக்கிறது. நல்ல தண்ணீர் ஒரு பக்கம் எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்து அதன் சூட்டை வாங்குகிறது. வெளியிலிருந்து உறிஞ்சுகிற உப்புத் தண்ணீர் இன்னொரு பக்கம் குழாயில் ஓடி, நல்ல தண்ணீரின் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போய்விடுகிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன, ஒன்றின் சூட்டை ஒன்று தாங்கிக்கொள்கிறது, ஆனால் ஒருநாளும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. பார்த்தவுடனே எனக்கு நம் இரண்டு வீடும்தான் ஞாபகம் வந்தது. நாம் சம்பந்தி ஆவதற்கு முன்பே இந்த யோசனை இரும்பில் வந்திருக்கிறது பாருங்கள்.

மெக்கானிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறையில் அவரை 'முணுமுணு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கெட்டிக்காரர். ஆனால் வேலை தொடங்கியதும் கழற்றுகிற போல்ட்டு, நட்டு எல்லாவற்றையும் தொலையாமல் இருக்க வாய்க்குள் போட்டுக்கொள்வார். அப்புறம் அவர் பேசுவதெல்லாம் அந்த நட்டுகளுக்கு நடுவில் இடம் கிடைத்த மட்டும்தான். எஞ்சினின் அடியில் பழைய தண்ணீர் இறங்குகிற ஒரு திருகு இருக்கிறதே, அதைக் கழற்றினார். ஒரு சொட்டு வரவில்லை. தண்ணீரே இல்லை போலிருக்கிறது, வேலை சுலபம் என்று நான் குனிந்து எட்டிப் பார்த்தேன். அவர் ஒரு கம்பியை உள்ளே விட்டு ஒரு குத்துக் குத்தினார். உள்ளே துருவும் சேறும் அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அடைப்பு உடைந்ததும் பீய்ச்சிக்கொண்டு வந்தது பாருங்கள், இந்த வருஷத்துக்கென்று தைத்த என் வெள்ளைச் சட்டை அந்த இடத்திலேயே பழைய சட்டையாகிவிட்டது. கட்டங்காப்பி நிறம். அதைப் படகின் அடித்தட்டிலோ வெளித் தண்ணீரிலோ விடக்கூடாது என்று அவர் கையை ஆட்டியதால் என் சரக்கிலிருந்தே வாளி எடுத்துப் பிடித்தேன். நாலு வாளி. அளவு எனக்குத் தப்பாது, வாளி வியாபாரி.

பிறகு உள்ளே நல்ல தண்ணீரை விட்டு அலசினோம். முதலில் காப்பி, அப்புறம் டீ, அப்புறம் கழுநீர், கடைசியில் கண்ணாடி மாதிரி வந்தது. அந்த நேரம் பார்த்து முணுமுணுவுக்கு வேறொரு படகிலிருந்து அவசர அழைப்பு. திருகுகளை எல்லாம் மாட்டி முடித்துவிட்டார், ஒரே ஒரு நட்டு மட்டும் அவர் பையிலிருந்த வேறொரு எஞ்சினுடையது, அது பத்திரமாக வாயிலேயே இருந்தது. கிளம்புகிற அவசரத்தில் சொன்னார்:

"பச்சத் தண்ணி ஊத்திருங்க. வேற எதையும் கலந்துடாதீங்க. பழைய எஞ்சினு, அதுக்கு அதுதான் ஒத்துக்கும். ஊத்தும்போது காத்து வெளிய போகணும், பாத்துக்குங்க."

சம்பந்தி, தாங்களே சொல்லுங்கள். பச்சைத் தண்ணி என்றால் என்ன? நம் வீடுகளில் பச்சைத் தண்ணி என்றால் காய்ச்சாத, கலக்காத, வெறும் தண்ணீர். மருந்துக்குக் கேட்டாலும் குளிக்கக் கேட்டாலும் அதுதான். எனக்கு நெஞ்சே நெகிழ்ந்துவிட்டது. வயதான உடம்புக்கு மசாலா எதுவும் வேண்டாம், வெறும் தண்ணியே போதும் என்று டாக்டர் சொல்வது போல அல்லவா சொல்கிறார், இப்படி ஒரு நேர்மையான மெக்கானிக் உண்டா என்று நினைத்தேன். காற்று வெளியே போக வேண்டும் என்றாரே, அதற்காகக் கேபினின் கதவு, ஜன்னல், எஞ்சின் அறை மூடி எல்லாவற்றையும் மலரத் திறந்துவைத்து ஓரத்தில் கல்லும் முட்டுக் கொடுத்தேன்.

கேபினுக்குள் இரண்டு பெரிய கேன் இருந்தது. மேலே பனிமலைப் படம். எந்தக் குளிரிலும் உறையாமல் காக்கும் என்று எழுதியிருந்தது. இங்கே அடிக்கிற வெயிலில் டிரம்மே உருகுகிறது, எஞ்சினுக்கு எங்கே ஜலதோஷம் பிடிக்கப்போகிறது? முணுமுணு நல்லவர், அவருக்குத் தெரியாமல் சாமான் கடைக்காரன்தான் தள்ளிவிட்டிருக்கிறான், வியாபாரம் எனக்குத் தெரியாதா என்று இரண்டையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். மூடி திறக்காத கேன், மறு பேச்சில்லாமல் எடுத்துக்கொண்டான். பதிலுக்கு நீலப் பெயின்ட் வாங்கி வந்து அன்றைக்கே படகின் ஒரு பக்கம் முழுக்க அடித்துவிட்டேன். வருகிற வழியெல்லாம் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

பெயின்ட் காய்வதற்குள் குழாயடியில் பிடித்து எஞ்சினில் பச்சைத் தண்ணியை ஊற்றினேன். அங்கேதான் அதிசயம். நாலு வாளி இறக்கிய எஞ்சின் இரண்டு வாளியிலேயே கழுத்துவரை நிரம்பி நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அலசி விட்டதும் எஞ்சின் சிக்கனமாகிவிட்டது, பாதித் தண்ணியில் குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டுவிட்டது என்று வீட்டில் போய்ச் சொன்னேன். என் வீட்டுக்காரி, "நாலு பேருக்கு வடிச்ச பானை ரெண்டு பேருக்கு வடிச்சாலே நெறையுதுன்னா பானையில வேற ஏதோ இருக்குன்னு அர்த்தம்" என்றாள். சமையலுக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது.

மறுநாள் காலை படகில் டிரம்களை அடுக்கினோம். அடுக்கு கேபின் கூரையைத் தாண்டி இன்னொரு மாடி ஏறியது. தங்கள் மகள் சுக்கான் பிடித்தாள். பிறந்ததிலிருந்து அந்தப் படகில் வளர்ந்தவள், நான் என்ன சொல்ல இருக்கிறது. என் வீட்டுக்காரி தானாகவே ஏறி உட்கார்ந்துகொண்டாள். எதற்கு என்று கேட்டதற்கு, "நீங்க மட்டும் போய், திரும்பி வரலன்னா எங்கிட்டதானே எல்லாரும் கேப்பாங்க" என்றாள்.

எஞ்சின் ஒரே உதையில் கிளம்பியது. அந்தச் சத்தத்தைத் தாங்கள் கேட்டிருக்க வேண்டும். டுப்பு டுப்பு என்று, வயிறு நிறைந்தவன் நடக்கிற மாதிரி. துறையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். நான் நீலம் அடித்த பக்கத்தை அவர்களுக்குக் காட்டும்படி திருப்பச் சொன்னேன். பாதி வழி. கண்ணுக்கு அக்கரைக் கடைகளின் பலகைகள் தெரிகிற தூரம். அப்போது தங்கள் மகள் தலையைத் திருப்பாமல் சொன்னாள்:

"மாமா, முள்ளு ஏறுது."

"ஏறட்டும்மா. ஏறுறது எந்த வியாபாரத்துக்கும் நல்லதுதானே."

"இது சூட்டு முள்ளு மாமா."

சொல்லிக்கொண்டே எஞ்சினை அணைத்துவிட்டாள். எஞ்சின் அறையிலிருந்து ஆவி வந்தது. தண்ணீருக்கு நடுவில் சத்தம் நின்றுபோனால் வருகிற அமைதி இருக்கிறதே, கடையில் வரி அதிகாரி நுழையும்போது வருகிற அமைதியைவிட மோசம். எனக்கு உடனே வெள்ளிக்கிழமைதான் கண்முன் நின்றது; இரும்புக்காரர் தராசோடு நிற்கிறார். சூடானதை இறக்கிவிட்டால் சூடாகவில்லை என்றுதானே கணக்கு என்று ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு எஞ்சினின் தண்ணீர் மூடியைத் திறக்கப் பாய்ந்தேன். என் வீட்டுக்காரி சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"ஆவி அடங்காம குக்கர் மூடியத் திறப்பீங்களா?"

"அது குக்கர்."

"இதுவும் அதுதான். உக்காருங்க."

உட்கார்ந்தேன். தங்கள் மகள் அத்தையைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், அத்தை மருமகளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். இருவரும் ஒரே கட்சியில் சேர்ந்ததை நான் கண்ணால் கண்ட முதல் சந்தர்ப்பம் இது என்பதால் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இந்த நேரத்தில்தான் சம்பந்தி, என் சரக்கு கை கொடுத்தது. காற்று பின்னாலிருந்து வீசியது. மாடி மாடியாக அடுக்கிய டிரம்கள் பாய் விரித்த மாதிரி அதை வாங்கிக்கொண்டன. படகு தானாக நகர ஆரம்பித்தது. தங்கள் மகள் சுக்கானை மெல்ல ஒடித்து ஒடித்துக் கொடுக்க, சத்தமில்லாமல், புகையில்லாமல், அக்கரைத் துறையின் டயர்களில் போய் மெத்தென்று இடித்து நின்றோம். அக்கரைக் கடைக்காரர் கைகுவித்து, "எஞ்சின் சத்தமே கேக்கலையே, புதுசா?" என்று கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயால் பொய் சொல்லவில்லை.

சரக்கு இறக்கி முடிப்பதற்குள் எஞ்சின் ஆறியது. தங்கள் மகள் கை வைத்துப் பார்த்துவிட்டு மூடியைத் திறந்தாள். எட்டிப் பார்த்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மாமா, பச்சத் தண்ணி ஊத்தலையா?"

"அதத்தாம்மா ஊத்தினேன். நானே குழாயடியில புடிச்சு, நானே ஊத்தினேன்."

"குழாயடியிலயா?"

"பின்ன, பச்சத் தண்ணி எங்கம்மா கெடைக்கும்?"

அவள் கேபினுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு, அங்கே அவள் வாங்கி வைத்திருந்த இரண்டு கேன் எங்கே என்று கேட்டாள். நான் படகின் நீலப் பக்கத்தைக் காட்டினேன். சம்பந்தி, தங்கள் மகள் சிரித்து நான் பார்த்திருக்கிறேன், ஆனால் கயிறு கட்டுகிற கட்டையைப் பிடித்துக்கொண்டு, நிற்க முடியாமல் கீழே உட்கார்ந்து சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் வீட்டுக்காரிக்கு விஷயம் புரியவே இல்லை, இருந்தாலும் அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு தங்கள் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்ன விளக்கம்: எஞ்சினில் தண்ணீரோடு கலந்து வருகிற கூலன்ட் என்று ஒன்று உண்டு, உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான், உள்ளே துருப் பிடிக்காமல் காப்பது இன்னொரு வேலை, அதில் சிவப்பு உண்டு, பச்சை உண்டு, இந்தப் பழைய எஞ்சினுக்குப் பச்சைதான் ஒத்துக்கொள்ளும், இரண்டையும் கலந்தால் கூழாகிவிடும், துறையில் எல்லோரும் அதைத்தான் பச்சைத் தண்ணி என்பார்கள். ஒரு வார்த்தையில் நிறத்தையும் குணத்தையும் ஒரே விலைக்கு விற்ற நம் மொழியை நான் என்ன சொல்வது.

ஆனால் சூடானதற்குக் காரணம் அது மட்டும் இல்லையாம். தண்ணீர் ஊற்றும்போது எஞ்சினுக்குள் காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் நாலு வாளிக்குப் பதில் இரண்டோடு நிரம்பியதாகக் காட்டியிருக்கிறது. என் வீட்டுக்காரி சொன்ன பானைக்குள் இருந்தது அதுதான். காற்று வெளியே போக வேண்டும் என்று முணுமுணு சொன்னது ஜன்னலை இல்லை, எஞ்சினின் உச்சியில் இருக்கிற ஒரு குட்டித் திருகை. அதைத் தங்கள் மகள் தளர்த்தினாள். புஸ்ஸென்று பெருமூச்சு விட்டது பாருங்கள், கல்யாணச் செலவு முடிந்த அன்றைக்கு நாம் இருவரும் விட்டோமே, அதே மூச்சு. காலம் பூராவும் காற்றை விற்றுப் பிழைத்த என்னை ஒரு கைப்பிடிக் காற்று நடுத் தண்ணீரில் நிறுத்திவிட்டது. அக்கரைக் குழாயில் பிடித்து மேலும் ஊற்றினோம். சரியாக மீதி இரண்டு வாளியும் போயிற்று.

திரும்பும்போது முள் நடுவில் ஆணி அடித்தது போல நின்றது. நான் அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வீடு வந்து, கேனைத் திருப்பிக் கொடுங்கள் என்று சாமான் கடைக்குப் போனால் பெயின்டைத் திருப்பிக் கொடுங்கள் என்றான். அதனால் புதுக் கேன்தான் வாங்க நேர்ந்தது. முணுமுணுவை அழைத்து, வாயில் எதுவும் இல்லை என்று திறந்து காட்டச் சொல்லி உறுதி செய்துகொண்டு, வெறும் தண்ணீரை இறக்கினோம். அது அதற்குள் லேசாகச் செம்மண் நிறம் காட்டத் தொடங்கியிருந்தது. பச்சையை ஊற்றினோம், திருகைத் தளர்த்திக் காற்றை விட்டோம், நாலு வாளி அளவுக்குக் குடித்தது. மறுபடியும் ஓட்டிப் பார்த்தோம். இப்போது ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே, சம்பந்தி, ராத்திரி படுத்தாலும் அந்த டுப்பு டுப்பு காதுக்குள் ஓடுகிறது. வயதாகிவிட்டது என்று அந்த எஞ்சினைச் சொன்னவர்கள் வந்து பக்கத்தில் நின்று கேட்கட்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் நிபந்தனை, எஞ்சின் சூடாகாமல் அக்கரை போய்த் திரும்ப வேண்டும் என்பது. போகும்போது பாதி வழிக்குச் சூடானது உண்மை, மறைக்கவில்லை. ஆனால் அக்கரையில் போய்ச் சேர்ந்த நேரத்தில் எஞ்சின் ஓடவே இல்லை, ஓடாத எஞ்சின் எப்படிச் சூடாகும்? திரும்பும்போது ஓடியது, சூடாகவில்லை. ஆகவே சேர்ந்ததும் திரும்பியதும் நிபந்தனைக்கு உட்பட்டே நடந்திருக்கின்றன. இது வக்கீல் பேச்சு என்று தாங்கள் சொன்னால் அதன் பிறகு முணுமுணு முன்னிலையில் நடந்த ஓட்டத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். படகை எனக்கே விட்டுவிடுங்கள். தாங்கள் சொன்னதே விலை. இரும்புக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லி வெள்ளிக்கிழமை வராமல் நிறுத்திவிடுங்கள். அவர் எடைபோட்டுப் பார்ப்பார். நான் அது ஓடுவதைக் கேட்டிருக்கிறேன்.

தங்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பந்தி அம்மாவுக்கு என் வீட்டுக்காரி தன் அன்பையும், போனில் பேசியதற்குத் திருத்தத்தையும் தனியே சொல்வாள். நம் பிள்ளைகள் இருவரும் ஒருவர் சூட்டை ஒருவர் தாங்கி நீடூழி வாழத் தங்கள் வாயாலும் ஒருமுறை வாழ்த்துங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குத் துறையைப் பார்த்தபடி காத்திருக்கும்
சம்பந்தி

பி.கு. உறையை ஒட்டிக்கொண்டிருக்கும்போது தங்கள் மகள் கடைக்குள் வந்தாள். காலையிலேயே தாங்கள் போன் செய்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டீர்களாம், இரும்புக்காரரையும் நிறுத்திவிட்டீர்களாம், படகை அவளுக்கே கொடுத்துவிட்டீர்களாம். பாதி ஒட்டிய உறையை மறுபடி பிரித்தேன். என் வீட்டுக்காரி, "நல்ல கையிலதான் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். யோசித்துப் பார்த்தால் நானும் அதையேதான் சொல்ல வேண்டும், ஆனால் உடனே சொன்னால் வியாபாரிக்கு அழகில்லை என்று கொஞ்சம் பொறுத்துச் சொன்னேன். ஆகவே மேலே எழுதிய கோரிக்கை, வாதம், விலைப் பேச்சு எதையும் தாங்கள் படிக்க வேண்டாம். கல்லாப் பக்கத்திலேயே உட்கார்ந்து மாமனாரும் மருமகளும் பேசி முடித்தாயிற்று. நான் கேட்டதில் ஒன்று கிடைத்தது, அவள் கேட்டது எல்லாம் கிடைத்தது. படகு அவள் பெயரில். வாரம் இரண்டு நடை என் சரக்குக்கு. வாடகை எடைக்கு மட்டும், இடத்துக்கு இல்லை. டீசல் அவளுடையது, ஏற்று இறக்குக் கூலி என்னுடையது. எஞ்சின் அறை மூடியை நான் தொட்டால் அன்றைய நடைக்கு இரட்டை வாடகை.